திரை இருண்டபோது விழுந்த டோக்கன்

ஓய்வு பெற்ற நாளில் என்னை மேடையேறிப் பேசச் சொன்னீர்கள். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு "எல்லோருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அவ்வளவுதான் வரும். பத்தாம் வகுப்பு முடித்து, அப்பா இறந்ததால் கிடைத்த வேலையில் சேர்ந்தவள் நான். விருப்ப ஓய்வில் வெளியே வரும்வரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை.

ஆனால் அன்று மதியம் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புதிய உதவியாளர்கள் இருவர் கைப்பேசியில் ஆடும் சீட்டாட்டத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். அது திறமையா, அதிர்ஷ்டமா என்பது பேச்சு. ஒருவர் சட்டத்தில் என்ன இருக்கிறது என்றார். இன்னொருவர் நீதிமன்றம் என்ன சொன்னது என்றார். அதை ஆடுகிறவனைப் பற்றி இருவரும் பேசவில்லை. அப்போது எனக்குச் சொல்வதற்கு ஒன்று இருந்தது. ரசம் ஊற்ற ஆள் வந்துவிட்டார், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அதனால் எழுதித் தருகிறேன்.

இது தொண்ணூறுகளில் நடந்தது. நான் திருநெல்வேலியில் கேளிக்கை வரிப் பிரிவில் இருந்தேன். அதுவரை எங்களுக்குக் கேளிக்கை என்றால் சினிமா தியேட்டர், எப்போதாவது சர்க்கஸ். டிக்கெட்டைக் கிழித்தார்களா, நாற்காலிக்கு மேல் ஆள் ஏற்றினார்களா என்று பார்ப்போம். அந்த வேலை கண்ணுக்குத் தெரிகிற வேலை. பிறகு வீடியோ விளையாட்டுக் கடைகள் வந்தன. பீரோ அளவு பெட்டி, அதில் ஒரு டிவி, கீழே கைப்பிடியும் பொத்தான்களும். டோக்கன் போட்டால் ஆடலாம். இவற்றுக்கும் வரி உண்டு, உரிமம் உண்டு என்று உத்தரவு வந்தது. பெட்டியில் ஆடுவது திறமை விளையாட்டு என்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் வரி கட்டி நடத்தலாம். அதிர்ஷ்ட விளையாட்டு என்றால் அது சூதாட்டம், நடத்தவே கூடாது. உத்தரவில் இந்த இரண்டு சொல்லும் தெளிவாக இருந்தன. ஒரு பெட்டியின் முன்னால் நின்று எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது மட்டும் இல்லை.

வண்ணார்பேட்டையில் பஸ்கள் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் சூசை அண்ணாச்சி அப்படி ஒரு கடை வைத்திருந்தார். குலசேகரன்பட்டினத்துப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். அண்ணனோடு கூட்டாக இருந்த படகில் தன் பங்கை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் பெட்டிகள் வாங்கிப் போட்டவர். கடலுக்குப் போக அவருக்கு இனி வழியில்லை. கடைதான் எல்லாம். அங்கே சூதாட்டம் நடக்கிறது என்று யாரோ ஒரு மனு போட்டுவிட்டார்கள். காவல்துறையும் நாங்களும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று வந்தது. எங்கள் அதிகாரி கிளம்பினார். நேரில் கண்டதைப் பதிவுசெய்கிற மகஜர் எழுத ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

இங்கே எங்கள் காலத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போதும் சில இடங்களில் இருக்கலாம். சோதனைக்குப் போகும் இடத்தில் உட்கார்ந்து எழுத வசதி இருக்காது, நேரமும் இருக்காது என்று சொல்லி, மகஜரை அலுவலகத்திலேயே எழுதி எடுத்துக்கொண்டு போவோம். கடைப்பெயர், கையெழுத்து, நேரம், இவற்றுக்கு மட்டும் இடம் விட்டிருப்போம். அன்றும் என் பையில் எழுதி முடித்த மகஜர் இருந்தது. "மேற்படி கடையில் உள்ள இயந்திரங்கள் அனைத்தும் அதிர்ஷ்டத்தின் பேரில் ஆடப்படுவதை நேரில் கண்டறிந்தோம்" என்று என் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. நாங்கள் அப்போது ஜங்ஷனைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

கடைக்குள் நல்ல வெயில் நேரத்திலும் இருட்டு. ஒரே சத்தம். என்னைப் பார்த்ததும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் விலகி நின்றார்கள். பெண்கள் வருகிற இடம் இல்லை அது. சூசை அண்ணாச்சி கல்லாப் பக்கத்திலிருந்த முக்காலியைத் துடைத்து எனக்குப் போட்டார்.

"இங்கன உக்காரு தங்கச்சி. கலர் குடிக்கியா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் அதைப் பார்க்காதது போல ஒரு கலர் பாட்டிலை உடைத்து வைத்துவிட்டார்.

எங்களுக்கு முன்பே எஸ்.ஐ. வந்து கார் ஓட்டும் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். டோக்கன் போட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். அவருடைய கார் முதல் வளைவிலேயே சுவரில் மோதியது. மறுபடி போட்டார். மறுபடி மோதியது. இறங்கி வந்து எங்கள் அதிகாரியிடம் சொன்னார்:

"எழுதிக்கிடுங்க சார். இது அதிர்ஷ்டந்தான். நான் புல்லட்டுல இருந்து லாரி வரைக்கும் ஓட்டுதவன். எனக்கே வளைய மாட்டேங்கு. அப்ப இதுல என்ன திறமை இருக்கு?"

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். எஸ்.ஐ. திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எங்கள் அதிகாரியும் ஒரு டோக்கன் போட்டு ஆடினார். அவரும் சுவரில்தான் மோதினார். இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "எனக்கும் வரல" என்றார். "ஆனா நமக்கு வரலங்கிறதுக்காக இதை அதிர்ஷ்டம்னு எழுத முடியுமா, தெரியலையே" என்று தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார்.

சோதிக்கப் போகிறவர்கள் எல்லோரும் இந்தத் தவறைச் செய்கிறார்கள். நாம் முதல் தடவை தொடுகிறோம், தோற்கிறோம். உடனே இது ஆடுகிறவன் கையில் இல்லை என்று நினைக்கிறோம். பழக்கம் இல்லாதவனுக்கு எல்லாத் திறமையும் அதிர்ஷ்டம் மாதிரிதான் தெரியும். அந்த மனு போட்டவரும் அப்படி ஒரு நாள் ஆடித் தோற்றவராக இருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

சண்டை போடுகிற பெட்டி, விமானத்தைச் சுடுகிற பெட்டி என்று மற்றவையும் இருந்தன. எல்லாவற்றையும் விட அதிகக் கூட்டம் நின்றது மூலையில் இருந்த ஒரு பெட்டியில். அதன் திரையில் மூன்று வரிசையாகப் பழங்கள் வேகமாக ஓடும். வரிசைக்கு ஒரு பொத்தான். அமுக்கினால் அந்த வரிசை நிற்கும். மூன்றிலும் ஒரே பழம் நின்றால் கீழே டோக்கன்கள் கொட்டும். அந்த டோக்கனைக் கல்லாவில் கொடுத்துப் பணமாகவும் வாங்கலாம். சூசை அண்ணாச்சி இதை மறைக்கவில்லை.

"திறமைக்குக் குடுக்குத பரிசுதான சார். மெஷின் வித்த ஏஜெண்டு அப்படித்தான் சொன்னாவ. கண்ணு கூர்மையா இருக்கணும், கை சட்டுனு போவணும். பழகப் பழக வரும். நம்ம கண்டக்டரைக் கேளுங்க."

கண்டக்டர் கணபதி அந்தப் பெட்டி முன்னால்தான் நின்றார். பத்தமடை வழியாகப் போகும் தனியார் பஸ்ஸில் இருந்தார். பஸ் திரும்புவதற்கு இடையில் கிடைக்கும் நேரமெல்லாம் அவர் இங்கேதான். கழுத்தில் விசில் தொங்கியது. அந்தப் பெட்டியில் அவரைப் போல ஆட யாருமில்லை என்று கடையில் பேச்சு. அது அவருக்கும் தெரியும்.

"வாழைப்பழம் வந்த பொறவு ஒரு மூச்சு விடணும் சார்" என்று அவர் எங்கள் அதிகாரிக்கு விளக்கினார். "அதுக்குப் பொறவு அமுக்கணும். சும்மா டபக்கு டபக்குன்னு அமுக்குனா வராது. நான் இதை எத்தனை நாளா பாக்குதேன் தெரியுமா? வீட்டம்மா முகத்தைக்கூட இப்படிப் பாத்ததில்ல."

"அதை வீட்ல வந்து சொல்லுதேன் வே" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

கணபதி சிரித்துக்கொண்டே ஆடிக் காட்டினார். முதல் வரிசையை நிறுத்தினார். இரண்டாவதை நிறுத்தப் போகும்போது மின்சாரம் ஒரு முறை தாழ்ந்து ஏறியது. வண்ணார்பேட்டையில் அது வழக்கம். அந்தப் பெட்டியின் திரை மட்டும் படம் இல்லாமல் இருண்டுபோனது. அடிக்கடி அப்படி ஆகும் போல. சூசை அண்ணாச்சி வந்து பெட்டியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினார். அதற்குள் கணபதியின் விரல் பழக்கத்தில் இரண்டு பொத்தானையும் அமுக்கிவிட்டது. திரை இருட்டாகவே இருக்க, கீழே டோக்கன்கள் கொட்டின.

எல்லோரும் சிரித்தார்கள். "பாத்தியளா, நம்ம கண்டக்டருக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும்" என்றார் சூசை அண்ணாச்சி. படம் வந்துவிட்டது. எஸ்.ஐ. வாசல் பக்கம் போய் ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அதிகாரி கார் பெட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இதைக் கவனிக்கவில்லை.

நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கொடுத்த கலர் பாட்டில் என் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அதிகாரி பக்கத்தில் போய் நின்றேன்.

"ஐயா, படம் இல்லாதப்பவும் விழுந்துது."

"என்னது?"

"திரையில ஒண்ணும் தெரியல. கண்டக்டர் பாக்காமத்தான் அமுக்குனாங்க. அப்பவும் விழுந்துது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். "சூசை, ஒரு காரியம் செய்வோம்" என்றார். "கண்டக்டர் கண்ணைத் தொறந்துட்டு ஆடட்டும். இந்தம்மா கண்ண மூடிட்டு ஆடட்டும். மாத்தி மாத்தி."

"நானா ஐயா?" என்றேன்.

"நீ எப்பவும் தரையைப் பாத்துட்டுத்தானம்மா இருக்கே. கண்ண மூடுததுக்குத் தனியா சொல்லித் தரவா வேணும்?"

கடை முழுவதும் சுற்றி நின்றது. நான் பெட்டி முன்னால் நின்று கண்ணை மூடினேன். பொத்தான்கள் எங்கே என்று கணபதிதான் என் விரலுக்குச் சொல்லித் தந்தார். அமுக்கினேன். ஒன்றுமில்லை. கணபதி ஆடினார். ஒன்றுமில்லை. மறுபடி நான். மூன்றாவது பொத்தானை அமுக்கியதும் என் முழங்கால் பக்கத்தில் கலகலவென்று சத்தம் கேட்டது.

சூசை அண்ணாச்சி கையைத் தட்டினார். "செயிச்சிட்டாவ, நம்ம தங்கச்சி செயிச்சிட்டாவ. மெஷின் நல்ல மெஷின் சார், ஆரும் செயிக்கலாம், நான் ஏமாத்தல, பாத்துக்கிட்டியளா?"

அவர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். நான் கண்ணைத் திறந்தபோது அந்தச் சந்தோஷம்தான் அவர் முகத்தில் இருந்தது. அதிகாரி கீழே விழுந்த டோக்கன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தட்டிய கை மெதுவாகக் கீழே இறங்கியது.

எஸ்.ஐ. வாசலிலிருந்து வந்துவிட்டார். "முடிஞ்சுது சார். எழுதுங்க."

"இல்ல, ஒரு தடவை விழுந்தது கணக்கில்ல. அது யாருக்கும் நடக்கும்" என்றார் அதிகாரி. "ஆடுங்க."

நாங்கள் மாறி மாறி ஆடிக்கொண்டே இருந்தோம். கணபதி மூச்சை அடக்கினார், குனிந்தார், முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நான் கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்த நேரத்தில் அமுக்கினேன். போதும் என்று அதிகாரி சொன்னபோது கல்லா மேசை மேல் ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு குவியல் இருந்தது. எது யாருடையது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

சூசை அண்ணாச்சி என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, இந்த ஒரு மெஷின்லதான் கடை ஓடுது. நீ நடுவுல கொஞ்சம் கண்ணைத் தொறந்து பாத்திருப்பே. பயந்த பிள்ளை, பாத்திருப்பே. அதை மட்டும் சாருட்ட சொல்லிரு. வேற ஒண்ணும் வேண்டாம்."

அப்படிச் சொல்லியிருக்கலாம். யாராலும் மறுக்க முடியாது. என் கண் எனக்கு மட்டும்தான் தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லண்ணாச்சி" என்றேன். "பயத்துல இறுக்கி மூடியிருந்தேன்."

அவர் கல்லாப் பக்கம் திரும்பிப் போனார்.

அப்போதுதான் உண்மையான நெருக்கடி. எஸ்.ஐ. கடையையே பூட்ட வேண்டும் என்றார். "ஒரு மெஷின் சூதுன்னா கடையே சூதுக்கடைதான். மேல கேட்டா நான் என்ன பதில் சொல்ல? எழுதிக் கொண்டு வந்திருக்கியள்லா, கையெழுத்தப் போட்டுட்டுப் போவோம்."

என் பையில் இருந்த மகஜர் அவருக்கும் தெரியும். அதைக் கொடுத்திருந்தால் நாங்கள் அப்போதே வீட்டுக்குப் போயிருக்கலாம். எங்கள் அதிகாரி உரக்கப் பேசுகிறவர் இல்லை. அன்றும் பேசவில்லை.

"தியேட்டர்ல ஒரு ஷோவுக்கு டிக்கெட்ல தப்பு இருந்தா அந்த ஷோவுக்குத்தான எழுதுதோம். தியேட்டரையா இடிக்கோம்?" என்றார். "இது வரி போடுதது பெட்டிக்கு. அப்ப பாக்கதும் பெட்டி பெட்டியாத்தான் பாக்கணும். சூசை, உம்ம காரை நீரே ஓட்டும். மொதல்ல கண்ணைத் தொறந்து."

சூசை அண்ணாச்சி கார் பெட்டியில் உட்கார்ந்தார். கார் ஓடியது. எஸ்.ஐ. மோதிய வளைவுகளையெல்லாம் தாண்டிப் போனது. எதிரில் வந்த கார்களை விலக்கியது. எஸ்.ஐ. தன்னை அறியாமல் முன்னால் வந்து பார்த்தார்.

"இப்ப கண்ண மூடும்."

மூடினார். கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது.

"இது வேற, அது வேற" என்றார் அதிகாரி. எஸ்.ஐ. அந்தச் சுவரையே பார்த்தார். "சரி சார், நீங்க எழுதுங்க. நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். மற்றப் பெட்டிகளையும் அப்படியே பார்த்தோம். நான் பையில் இருந்த மகஜரை எடுக்கவே இல்லை. வெள்ளைத்தாளை வாங்கி, கல்லாவின் மேல் வைத்து, பெட்டிக்கு ஒரு பத்தியாக, பார்த்ததை மட்டும் எழுதினேன். அதற்குப் பிறகு என் வேலைக் காலம் முழுவதும் போகுமுன் எழுதியது கிடையாது. மெதுவாக எழுதுகிறவள் என்று பெயர் வந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

மகஜருக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும். அக்கம்பக்கத்தில் ஒருவர் போட்டார். இன்னொருவர் கணபதிதான், அவர்தானே ஆடியவர். நான் பழப் பெட்டியைப் பற்றிய பத்தியை அவருக்குப் படித்துக் காட்டினேன். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் இத்தனை நாளு எதைத்தான் பாத்து அமுக்குனேன்?" என்றார்.

வெளியே அவருடைய பஸ் ஹாரன் அடித்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, மேசையில் இருந்த தன் குவியலை எடுக்காமலே போய்விட்டார்.

அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி அரக்கு வைக்க வேண்டும். எஸ்.ஐ. குனிந்தார். "பைய, சார். நானே பிடுங்குதேன்" என்று சூசை அண்ணாச்சி வந்து பிடுங்கிக் கொடுத்தார். நாங்கள் கிளம்பும்போது அவர் மூலையில் இருண்டுபோன அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கலர் பாட்டில் பாதி அப்படியே முக்காலிக்குக் கீழே இருந்தது.

ஜீப்பில் அதிகாரி எனக்குப் பாராட்டு ஒன்றும் சொல்லவில்லை. "கடையை மூடிருவாரோ என்னவோ" என்று மட்டும் சொன்னார். அந்தக் கவலைதான் எனக்கும். சரியாக எழுதிவிட்டோம் என்பதால் தூக்கம் வந்துவிடுவதில்லை. நீங்களும் இதற்குப் பழகிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பழகாமல் இருப்பதே நல்லது.

பல மாதம் கழித்து, மீதிப் பெட்டிகளுக்கு வரி கட்ட சூசை அண்ணாச்சி அலுவலகத்துக்கு வந்தார். சலானை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் சலானையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரசீதை வாங்கிய பிறகும் அவர் போகவில்லை.

"கடையை எடுத்துருவோம்னுதான் இருந்தேன் தங்கச்சி. கூட்டம் பாதியாப் போச்சு. கண்டக்டரு கடைப்பக்கமே வரல. பஸ்ஸுல இருந்து இறங்குனாலும் அந்தப் பக்கமா போயிருவாரு."

"இப்ப?"

"இப்ப வாராரு. கார் மெஷின்ல உக்காருதாரு. கண்டக்டரா இருந்து டிரைவராயிட்டாருன்னு பயலுவ கேலி பண்ணுதானுவ."

"நல்லா ஓட்டுதாங்களா?" என்று கேட்டேன். அவரோடு நானாகப் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சூசை அண்ணாச்சி ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"எங்க. செவுத்துலதான் முட்டுதாரு" என்றார். "ஆனா நேத்தைக்கு முட்டுன வளைவுல இன்னைக்கு முட்டல."